மலைப்பகுதியில நிலநடுக்கம் வந்தா உதவி போய்ச் சேர ஏன் இவ்ளோ நாள் ஆகுது?

ராத்திரிப்பறவை:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா 2015 நேபாள நிலநடுக்கத்தைப் பத்தி படிச்சிட்டு இருக்கேன், படிக்கப் படிக்க தலை சுத்துது. ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11:56, அளவு 7.8, கிட்டத்தட்ட 9,000 பேர் போயிட்டாங்க. நம்ம தேசிய பேரிடர் மீட்புப் படை அன்னிக்கு சாயங்காலமே காட்மாண்டுல இறங்கிடுச்சு, அப்புறம் பல நாட்டு டீமும் மோப்ப நாய், கேமரா, கட்டர் எல்லாம் எடுத்துட்டு வரிசையா வந்திருக்காங்க. ஆனா உள்ள இருக்குற மலை கிராமங்கள்ல பல நாள் வரைக்கும் ஒரு தார்ப்பாய் கூட போய்ச் சேரலன்னு போட்டிருக்கு. இவ்ளோ ஆள், இவ்ளோ காசு, இவ்ளோ மிஷின் இருந்தும் எங்க மாட்டுது இது? அரசாங்கத்தோட சோம்பேறித்தனமா, இல்ல நிஜமாவே மலைன்னா இப்படித்தானா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, சண்டை போடாம.

சிமெண்ட்மூட்டை:
ப்ரோ, நான் கட்டடம் சம்பந்தப்பட்ட ஆளு, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். உதவி லேட்டா போறது ரெண்டாவது பிரச்சனை. மொத பிரச்சனை வீடு.

அங்க மலைல வீடு எப்படின்னா கல்லை அடுக்கி நடுவுல சேறு வச்சுக் கட்டுறது. சுவரு ஒன்றரை அடி, ரெண்டு அடி தடிமனா பாக்க கெட்டியா இருக்கும், ஆனா அது ஒரே சுவரு கிடையாது, வெளிப்பக்கம் ஒரு அடுக்கு உள்பக்கம் ஒரு அடுக்கு, நடுவுல சின்னச் சின்ன ஜல்லியும் மண்ணும். ஆட்டம் வந்ததும் ரெண்டு அடுக்கும் தனித்தனியா பிரிஞ்சு ஒண்ணு தெருப்பக்கம் சாயும், ஒண்ணு உள்ள தூங்குறவன் மேல சாயும். அங்கங்க சுவரோட முழு அகலத்துக்கும் போற நீளக் கல்லு வச்சு, ஜன்னல் மட்டத்துல மரத்துலயோ கம்பிலயோ சுத்தி ஒரு பெல்ட் கட்டியிருந்தா வீடு விரிசல் விடும், ஆனா ஆளை அமுக்காது. காஷ்மீர் பக்கம் மரச்சட்டம் அடிச்சு இடையில செங்கல்லோ கல்லோ நிரப்புற தஜ்ஜி தேவாரி வீடுகள் 2005 நிலநடுக்கத்துல பல இடத்துல இப்படித்தான் தப்பிச்சுது, பக்கத்துலயே காங்க்ரீட் தூண் வச்ச புது கட்டடம் தரைமட்டம்.

இன்னொண்ணு யாரும் பேசாத விஷயம். காங்க்ரீட் கட்டடம் விழுந்தா ஸ்லாப் சாஞ்சு நின்னு அடியில பொந்து மாதிரி இடம் கிடைக்கும், உள்ள மாட்டுனவன் ரெண்டு மூணு நாள் கூட தாங்குவான், மோப்ப நாயும் கேமராவும் அங்கதான் வேலைக்கு ஆகும். காட்மாண்டுல அஞ்சாவது நாள் ஒரு 15 வயசுப் பையனை எடுத்தாங்களே, அவன் அந்த மாதிரி கட்டடத்துல மாட்டுனவன். கல்லும் சேறும் விழுந்தா பொந்தே இருக்காது, மொத்தமா ஒரு மண்மேடு, புழுதிலயே மூச்சு அடைச்சுடும். அதனால மலை கிராமத்துல பொழைச்சவன் எல்லாம் மொத ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பக்கத்து வீட்டுக்காரன் மண்வெட்டியால தோண்டி எடுத்தவன்தான். அவ்ளோ வெளிநாட்டு டீம் வந்தும் எல்லாரும் சேர்ந்து உயிரோட மீட்டது இருபது பேருக்குள்ளதான். அவங்களைக் குறை சொல்லல, அவங்க வந்து சேர்ற நேரத்துக்கு முடிவு ஏற்கனவே ஆயிடுச்சு.

வெட்டிப்பய:
// மொத ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல //
அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க பாஸ். சிந்துபால்சோக் மாவட்டத்துல சவுதாரான்னு ஒரு ஊரு, அங்க நாசாவோட ரேடார் கருவி வச்சு இடிபாட்டுக்கு அடியில இதயத்துடிப்பைக் கண்டுபிடிச்சு நாலு பேரை உயிரோட எடுத்திருக்காங்க, அதுவும் நாள் கணக்குல உள்ள கிடந்தவங்க. மிஷினே வேஸ்ட்னு ஆகிடாது.

சிமெண்ட்மூட்டை:
சரிதான், அது நடந்துச்சு. ஆனா சவுதாரா மாவட்டத் தலைநகரம், ரோடு இருக்குற ஊரு. ரோடு இல்லாத ஊருக்கு அந்தக் கருவி எப்படி போகும்னுதானே கேள்வியே?

லோடுலாரி:
அப்போ ஒரு நிவாரண டீம்ல சாமான் அனுப்புற வேலை பாத்தேன், அதனால இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

காட்மாண்டு ஏர்போர்ட்ல ரன்வே ஒண்ணே ஒண்ணு. வந்த விமானம் எல்லாம் வானத்துல சுத்திட்டு, சிலது இறங்க இடமில்லாம திரும்பிப் போச்சு. ஓவரா வெயிட் ஏறி ரன்வே சேதமாகி, மே மாசம் தொடக்கத்துல 196 டன்னுக்கு மேல உள்ள விமானம் எதுவும் வரக்கூடாதுன்னுட்டாங்க. சரி இறங்கியாச்சு, அடுத்து ரோடு. சீன எல்லை போற அரணிகோ ஹைவேல எங்க பாத்தாலும் மண்சரிவு, ஜேசிபி வச்சு ஒரு இடத்தைத் தள்ளி முடிக்கிறதுக்குள்ள பின்னதிர்வுல இன்னொரு இடம் இறங்கும். லாரி போற கடைசி இடத்துல சாமானை இறக்கினா அங்க இருந்து நடைதான், இல்ல கோவேறு கழுதை.

இங்கதான் வெளியில இருக்கவங்களுக்குத் தெரியாத கூத்து. 50 கிலோ அரிசி மூட்டையை மலைப்பாதைல ஒருத்தன் தூக்கிட்டுப் போக முடியுமா? ரோட்டோரமா உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சு சின்ன மூட்டையா கட்டணும், அதுக்கு சாக்கு வேணும், தைக்க ஊசி நூல் வேணும், அது எந்த லிஸ்ட்லயும் இருக்காது. தகர ஷீட் இன்னும் மோசம். பத்தடி ஷீட்டை முதுகுல கட்டிட்டு ஒத்தையடிப் பாதைல போறப்ப காத்து அடிச்சா ஆளையே சேர்த்து பள்ளத்துல தள்ளப் பாக்கும், அதனால சுருட்டிக் கட்டி எடுத்துட்டுப் போனாங்க. நடந்து போறதுக்கு ஆள் கிடைச்சதே ஒரு வகைல அதிர்ஷ்டம், எவரெஸ்ட் பேஸ் கேம்ப்ல பனிச்சரிவு வந்து ட்ரெக்கிங் சீசன் முழுக்கப் படுத்துடுச்சு, வேலை போன போர்ட்டர்களை உலக உணவுத் திட்டமே கூலிக்கு எடுத்து சாமான் சுமக்க வச்சுது. அந்த மலைப்பாதை எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி.

ஹெலிகாப்டர் இருக்கேன்னு கேப்பீங்க. மேல போகப் போக காத்து அடர்த்தி குறையும், தூக்குற எடையும் குறையும். மதியத்துக்கு மேல மேகம் மூடிடும். இறங்க படிக்கட்டு வயல்ல ஒரு துண்டு சமதளம் கிடைச்சாதான் உண்டு. மே 12 அன்னிக்கு 7.3ல ரெண்டாவது பெரிய ஆட்டம் வந்துச்சு இல்ல, அதே நாள் நிவாரண வேலைல இருந்த அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் ஒண்ணு தோலகா பக்கம் விழுந்து அதுல இருந்த 13 பேரும் போயிட்டாங்க. சும்மா வீட்ல உக்காந்து ஹெலிகாப்டர் அனுப்ப வேண்டியதுதானேன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு கோவம்தான் வரும்.

அரசாங்கம் சோம்பேறியான்னா, அதுவும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல எல்லார் கண்ணும் கோர்க்கா மாவட்டத்துலதான், ஏன்னா மையம் அங்க பார்பக் கிராமத்துக்கிட்ட. ஆனா நிலம் கிழிஞ்சது அங்க இருந்து கிழக்கால. கோர்க்காவுல செத்தவங்க சில நூறு பேர், கிழக்க இருந்த சிந்துபால்சோக்ல மட்டும் 3,000க்கு மேல. வரைபடத்துல மையப்புள்ளியைப் பாத்து வண்டி அனுப்பினா இப்படித்தான் ஆகும்.

அப்புறம் தயவு செஞ்சு பழைய துணி அனுப்பாதீங்க. டுனா மீனும் மயோனைஸும் வந்திருக்கு, எங்களுக்கு வேண்டியது தானியம், உப்பு, சர்க்கரைன்னு நேபாள நிதியமைச்சரே அப்போ வாய்விட்டு சொன்னாரு. தார்ப்பாயும் கயிறும்தான் மக்கள் கேட்டது, ஜூன்ல மழை ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள தலைக்கு மேல ஒரு கூரை வேணும், நெல் விதை வேணும். வீட்ல இருந்த விதைநெல்லு எல்லாம் மண்ணுக்கடியில.

நர்ஸக்கா:
தம்பிங்களா எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் சேக்குறேன், இது தெரியாம காப்பாத்தப் போய் ஆளை இழந்துடுவாங்க.

தொடை, இடுப்பு மேல கல்லோ உத்தரமோ பல மணி நேரம் அழுத்திக்கிட்டு இருந்தா அடியில தசை செத்துப்போகும். மேல இருக்குற பாரம் இருக்குற வரைக்கும் ஆள் நல்லா பேசிட்டு இருப்பார், டீ கேப்பார். டக்குன்னு தூக்கி எடுத்தா அந்தத் தசைல தேங்கின பொட்டாசியம் மொத்தமும் ரத்தத்துல கலந்து இதயம் நின்னுடும், அதுல தப்பிச்சாலும் செத்த தசைல இருந்து வர்ற புரதம் அடைச்சு ரெண்டு நாள்ல கிட்னி போயிடும். அதனால பாரத்தைத் தூக்குறதுக்கு முன்னாடியே கைல ட்ரிப்ஸ் ஏத்த ஆரம்பிக்கணும், சலைன் மட்டும், பொட்டாசியம் இருக்குற பாட்டில் கூடாது. மலை கிராமத்துல சலைனுக்கு எங்க போறது? சுகாதார மையமும் சேர்ந்துதான் விழுந்திருக்கும். ஆள் நினைவோட இருக்கார், வாந்தி இல்ல, வயித்துல அடி இல்லன்னா தண்ணியாவது குடிக்கக் கொடுத்துட்டு எடுங்க. இப்பதான் மாட்டினார், நிமிஷக் கணக்குதான்னா யோசிக்காம உடனே எடுங்க. அப்புறம் மூத்திரம் டீ டிகாக்ஷன் நிறத்துல போச்சுன்னா அவரை மொத ஹெலிகாப்டர்ல ஏத்தணும், டயாலிசிஸ் தேவைப்படும். கை உடைஞ்சவர் காத்திருக்கலாம்.

ராத்திரிப்பறவை:
அக்கா, லோடுலாரி அண்ணே, சிமெண்ட்மூட்டை ப்ரோ, ரொம்ப நன்றி. சனிக்கிழமைங்கிறதால நேபாளத்துல ஸ்கூல் லீவுன்னு படிச்சேன், ஆயிரக்கணக்குல ஸ்கூல் இடிஞ்சும் பிள்ளைங்க தப்பிச்சுதாம்.

வெட்டிப்பய:
காஷ்மீர் நிலநடுக்கம் வந்த 2005 அக்டோபர் 8ம் சனிக்கிழமைதான். காலைல 8:50. ஆனா பாகிஸ்தான்ல அன்னிக்கு ஸ்கூல் உண்டு. அந்த நிலநடுக்கத்துல பிள்ளைங்க மட்டும் சுமார் 17,000 பேர்.

ராத்திரிப்பறவை:
ஐயோ. கடைசியா ஒரு சந்தேகம். கல்லு-சேறு வீட்டுக்குள்ள இருக்கப்ப ஆட ஆரம்பிச்சா மேசைக்கு அடியில போறதா, வெளிய ஓடுறதா?

சிமெண்ட்மூட்டை:
காங்க்ரீட் வீடுன்னா ஓடாத, குனிஞ்சு உறுதியான மேசைக்கு அடியில போய் மேசைக்காலைப் பிடிச்சுக்கோ, அவ்ளோதான். கல்லு-சேறு வீட்ல கீழ்த்தளத்துல, கதவு ரெண்டு மூணு எட்டுல, வெளிய திறந்தவெளியும் இருந்தா வெளிய போறதுதான் மேல், ஆனா சுவரை ஒட்டி நிக்காம தள்ளிப் போகணும், வெளி அடுக்கு சாயறது அந்தப் பக்கம்தான். மாடியில இருந்தா படிக்கட்டுல இறங்க நேரம் இருக்காது, கட்டிலுக்கு அடியிலயோ பக்கத்துலயோ தலையை மூடிட்டு படு. ஓடி வந்தவங்க ஆட்டம் நின்னதும் போனை எடுக்க, ஆட்டை அவுக்கன்னு திரும்ப உள்ள போறாங்க பாரு, அதுதான் ஆபத்து. விரிசல் விட்ட சுவரு அடுத்த சின்ன ஆட்டத்துக்கே விழும். புதுசா கட்டுறப்ப இதெல்லாம் பாத்துக் கட்டணும்னுதான் நேபாள அரசு 3 லட்சம் நேபாள ரூபாயை மூணு தவணையா பிரிச்சுக் கொடுத்துச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்ஜினியர் வந்து பாத்தாதான் அடுத்த தவணை. ஆனா காசு பத்தாம ஒத்தை ரூம் மட்டும் கட்டி தவணையை வாங்கிட்டு, பக்கத்துல பழைய வீட்டையே ஒட்டுப்போட்டு அதுல இருக்கவங்களும் நிறைய.