வினிகர் ஊற்றிய நான்காம் நாளே தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது

கேள்வி:
என் ரீஃப் டேங்க் (பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 300 லிட்டர். நைட்ரேட் 40 பிபிஎம், பாஸ்பேட் 0.15. வாராவாரம் தண்ணீர் மாற்றியும் இறங்கவில்லை. ஏழு மீன்கள் இருக்கின்றன, தீனியைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நைட்ரேட்டை இறக்க கார்பன் டோசிங், அதாவது கார்பன் உள்ள திரவத்தைத் தினம் ஊற்றுவது, தொடங்கினேன். 5 சதவீத வெள்ளை வினிகர், தினம் 10 மி.லி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எண் அசையவே இல்லை, 20 ஆக்கினேன். இன்று காலை தண்ணீர் பால் கலந்தது மாதிரி இருக்கிறது. மீன்கள் எல்லாம் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. கழிவை நுரையாக்கிக் கப்பில் சேர்க்கும் ஸ்கிம்மர் வழிகிறது. என்ன செய்யட்டும்?

பதில் 1:
வினிகரை உடனே நிறுத்துங்கள். ஏர் ஸ்டோன் இருந்தால் போடுங்கள், பவர்ஹெட்டை (நீரோட்ட பம்ப்) மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி திருப்புங்கள். வழிகிறதே என்று ஸ்கிம்மரை அணைத்துவிடாதீர்கள். கப்பைக் காலி செய்துகொண்டே இருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

நீங்கள் ஊற்றியது நைட்ரேட்டுக்கு மருந்து இல்லை, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. கார்பன் கிடைத்ததும் அவை பெருகுகின்றன, பெருகும்போது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே எடுத்தால்தான் கணக்கு முடியும். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் தின்னும். மீன்கள் மேலே வந்தது அதனால்தான்.

கார்பனுக்காகச் சிலர் வினிகருக்குப் பதில் வோட்கா ஊற்றுவார்கள். அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் ஆரம்ப அளவு 100 லிட்டருக்குச் சுமார் 0.1 மி.லி. அதே கார்பனுக்கு வினிகர் எட்டு மடங்கு வேண்டும். உங்கள் டேங்குக்கு 2.4 மி.லி. வருகிறது. நீங்கள் நான்கு மடங்கில் தொடங்கி எட்டு மடங்குக்குப் போயிருக்கிறீர்கள். இரண்டே நாளில் எண் அசையாது, பாக்டீரியா பெருகவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

நான் வேறு விதமாகத் தவறினேன். நைட்ரேட் பூஜ்யம் வரும்வரை விடாமல் ஏற்றினேன். வந்தது. அப்போது ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) 11 டிகேஎச், அது அதற்கான அளவுகோல். மூன்று வாரத்தில் ஆறு வருடம் வளர்த்த அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் எல்லாம் வெள்ளையாகக் கருகின, பின்னாலேயே மணல்மேல் டைனோ என்ற சளி போன்ற நுண்ணுயிர் படர்ந்தது. அந்தப் பவளம் திரும்பவில்லை. தயவுசெய்து பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 போதும். ஆல்கலினிட்டியை 7, 8 பக்கம் வையுங்கள்.

நைட்ரேட் இறங்கும் அளவுக்குப் பாஸ்பேட் இறங்காது. பாறையிலும் மணலிலும் ஒட்டியிருப்பது திரும்பத் திரும்பக் கரைந்து வரும். அதற்கு வினிகரைக் கூட்டக் கூடாது, கொஞ்சம் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகள்) போடுங்கள்.

ஒன்று சொல்லுங்கள், எந்த நேரத்தில் ஊற்றினீர்கள்?

கேட்டவர்:
இரவு, விளக்கு அணைந்த பிறகு. இப்போது ஏர் ஸ்டோன் இரண்டு ஓடுகிறது. டாங் மீன் மட்டும் இன்னும் மேலே நிற்கிறது, மற்றவை கீழே இறங்கிவிட்டன. கப்பை மூன்று முறை கொட்டினேன். திரும்ப எப்போது தொடங்கலாம்?

பதில் 2:
அப்பாடா. இரவில்தான் ஆக்சிஜனும் பிஎச்சும் ஏற்கெனவே குறைந்திருக்கும், வினிகர் பிஎச்சை இன்னும் இறக்கும்.

தண்ணீர் தெளிந்து ஒரு வாரம் போகட்டும். பிறகு மூன்று நாள் தினம் 2.5 மி.லி., அந்த வாரத்தின் மீதி நாட்களுக்கு 5. அதன்பின் தினசரி அளவை வாரத்துக்கு 4 மி.லி. மட்டும் கூட்டுங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கிய இடத்திலேயே நில்லுங்கள், 10-ஐத் தொட்டதும் பாதியாக்குங்கள். கண்ணாடியில் வெள்ளைச் சளி மாதிரி படிந்தால் ஒரு படி இறங்குங்கள். காலையில் விளக்கு எரிந்த பிறகு, ஸ்கிம்மர் தண்ணீர் இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சொட்டுச் சொட்டாக விடுங்கள். டாங் கீழே இறங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.