திருட்டுத் தளத்தில் படம் தேடிப் போய் நீங்கள் பட்டது என்ன? – அனுபவப் பகிர்வு

வாசன், கரூர்

தீபாவளிக்கு மறுநாள், புதுப்படம் தேடிப் போன தளத்தில் 'இந்தச் செயலியை நிறுவினால்தான் படம் ஓடும்' என்று வந்ததை நம்பி, அம்மாவின் கைப்பேசியில் அந்த ஏபிகே கோப்பை இறக்கி, அது கேட்ட அனுமதிகளைப் படிக்காமலே கொடுத்துவிட்டேன். படம் ஓடவில்லை, செயலியின் சின்னமும் மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அலமாரியின் மேல் யாரும் தொடாமல் கிடந்த அந்தக் கைப்பேசியின் திரை ஒளிர்வதும் அணைவதுமாக இருந்தது. எடுத்துப் பார்த்தால், ஓர் ஓடிபியை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. சீட்டு எடுத்து வைத்திருந்த 38,000 ரூபாயும் போய்விட்டது. "நான் யாருக்கும் நம்பர் சொல்லலையேப்பா" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். தவறு தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார்.

ரவிச்சந்திரன்

வாசன், தளத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியன்று. படம் ஓட்டும் செயலிக்குக் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எதற்கு என்று அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு நடந்தது சிறியது: 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய' எனக் கேட்ட பொத்தானை அழுத்தியதால், மகளின் இணைய வகுப்பு நேரத்தில் சூதாட்ட விளம்பரங்கள் திரையில் வந்து நின்றன, குரோமில் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அறிவிப்பு அனுமதியை நீக்கியதும் நின்றுவிட்டன. பணம் போனவர்கள் முதலில் கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. பிறகு வங்கியிடம் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். சின்னம் மறைந்தாலும், அமைப்புகளில் உள்ள செயலிப் பட்டியலில் பெரும்பாலும் அது இருக்கும். நீக்க முடியாவிட்டால், அதற்குக் கொடுத்த 'டிவைஸ் அட்மின்' உரிமையை, அதாவது கைப்பேசியை நிர்வகிக்கும் உரிமையை, முதலில் பறிக்க வேண்டும். கோப்பின் பெயர் ஏபிகே, எக்ஸ்இ என்று முடிந்தால் அது ஒரு நிரல், படமே அன்று. இவற்றைக் கவனிப்பவருக்குப் பயமில்லை.

தேன்மொழி

ரவிச்சந்திரன் ஐயா, உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க இயலவில்லை. என் அண்ணன் திருமண ஒளிப்பதிவாளர். நாள் முழுதும் கணினியோடு இருப்பவர். விண்டோஸ் இயல்பாகவே கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடுவதால், பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் டோரன்ட் முறையில் இறக்கியது, படக்கோப்பைப் போல எம்பி4 என்று முடிவதாகத்தான் அவருக்குத் தெரிந்தது. அதன் பின்னால் எக்ஸ்இ இருந்தது. மறுநாள் காலையில் எல்லாக் கோப்புகளின் பெயரிலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன, எதையும் திறக்க முடியவில்லை, கூடவே டாலரில் பணம் கேட்கும் ஒரு குறிப்பு. டோரன்டில் இறக்குபவர் அதே நேரத்தில் பிறருக்கு அனுப்பவும் செய்கிறார் என்பதையும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது என்பதையும் அதற்குப் பிறகுதான் அறிந்தோம்.

ஒரு திருமணத்தின் பதிவு மட்டும் வேறெங்கும் நகலெடுக்கப்பட்டிருக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுக்கு அண்ணனோடு நானும் போனேன். மணமகளின் தந்தை பணத்தை வாங்காமல், "தாலி கட்டுற இடமாவது கிடைக்காதா தம்பி?" என்று கேட்டார்.