சூப்பர்லீகா 2023-24: கடைசி நாளில் ப்ரொன்பி கோட்டை விட்டது எப்படி?

மதுரை_மிட்ஃபீல்டர் எழுதியது:

நண்பர்களே, டென்மார்க் லீக் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். 2023 நவம்பரில் கோப்பன்ஹேகன் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 4-3 என்று சாய்த்ததே, அதற்கு முன்னால் நான் அந்த ஊர் ஃபுட்பால் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு ஆட்டத்தில் பிடித்துப்போய், அப்புறம் அந்த சீசன் முழுவதையும் தேடித் தேடிப் பார்த்தேன். சாம்பியன்ஸ் லீகில் கடைசி 16 வரை போன கோப்பன்ஹேகன்தான் உள்ளூரிலும் ஜெயித்திருக்கும் என்று பார்த்தால் 59 புள்ளியோடு மூன்றாம் இடம். மிட்யூலன் 63, ப்ரொன்பி 62, நான்காவதாக நோர்ட்ஷெலன் 58. நாலு அணியும் ஐந்து புள்ளிக்குள்!

என் மண்டையைக் குடைகிற விஷயம் கடைசி நாள். 2024 மே 26. ப்ரொன்பியும் மிட்யூலனும் ஆளுக்கு 62 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ப்ரொன்பி மேலே. சொந்த மைதானம், எதிரே ஏஜிஎஃப். அதில் 2-3 என்று தோற்கிறார்கள். அந்தப் பக்கம் மிட்யூலன் ஜெயிக்கக்கூட இல்லை, சில்கபோர்க்கோடு 3-3 டிராதான். அதாவது ப்ரொன்பி ஒரு டிரா எடுத்திருந்தாலே கோப்பை கையில். இது பதற்றமா, அணியின் பலவீனமா, இல்லை அந்த லீகின் அமைப்பே இப்படித்தானா? 22 ஆட்டம் முடிந்ததும் பட்டியலைப் பாதியாக வெட்டுகிறார்களாமே, அதுவும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

அமைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், பாதி பதில் அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று, ஆக 22 ஆட்டம். அதன் பிறகு மேலே உள்ள ஆறு அணிகள் சாம்பியன்ஷிப் பிரிவு, கீழே உள்ள ஆறு தப்பிப் பிழைக்கிற பிரிவு. அந்த ஆறுக்குள்ளேயே மறுபடி ஆளுக்குப் பத்து ஆட்டம், மொத்தம் 32. பெல்ஜியம், ஆஸ்திரியாவில் அப்போது இந்த இடத்தில் புள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். டென்மார்க்கில் சம்பாதித்த புள்ளி முழுசாகக் கூடவே வரும்.

இதன் விளைவு என்ன என்றால், பட்டத்துக்குப் போட்டி போடுகிற அணிகள் ஒரே சீசனில் நாலு தடவை மோதுகின்றன, வசந்த காலத்தில் சுலபமான ஆட்டம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கடைசி இடத்து அணியோடு 4-0 அடித்து மூச்சு வாங்குகிற வாரம் வராது. ஏஜிஎஃப் அந்த சீசன் 44 புள்ளியில் முடித்தது, நாலாவது இடத்துக்கே 14 புள்ளி தூரம். பட்டியலில் அவர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை, ஆனால் அது முதல் ஆறில் வந்த அணி, நல்ல அணி. பயமே இல்லாமல் ஆடுகிற நல்ல அணியைக் கடைசி நாளில் எதிர்கொள்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

அந்தப் பக்கம் சில்கபோர்க்கும் அப்படித்தான். மே 9-ஆம் தேதி டென்மார்க் கோப்பை (லீகோடு சேராத தனிப் போட்டி) இறுதிப் போட்டியில் அதே ஏஜிஎஃப்பை 1-0 என்று ஜெயித்து அடுத்த சீசன் ஐரோப்பிய கிளப் போட்டிகளுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்கள். இரண்டரை வாரம் முன்னால் ஒரே கோப்பைக்காக மோதிய இரண்டு அணிகளும், தங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லாத நாளில், லீக் பட்டம் யாருக்கு என்று முடிவு செய்தன. யாரும் கடமைக்கு ஆடவில்லை, இரண்டு ஆட்டத்திலும் சேர்த்துப் பதினொரு கோல். எனக்கு இந்த லீக் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மஞ்சள்நீலம் எழுதியது:

ப்ரொன்பி ஆதரவாளனாகச் சொல்கிறேன், இதை அமைப்பின் தலையில் கட்ட வேண்டாம். அதே அமைப்பில்தான் 2021-ல் நாங்கள் ஜெயித்தோம், 61 புள்ளி, மிட்யூலன் 60. பதினாறு வருஷத்துக்குப் பிறகு வந்த பட்டம் அது. 2005-க்கு அப்புறம் அந்த கிளப் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் 2024 ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியும். எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் முடியும் வரை டென்மார்க்கில் ஃபுட்பால் என்றாலே ப்ரொன்பிதான், பீட்டர் ஷ்மைகேல் அங்கிருந்துதான் யுனைடெட் போனார், மைக்கேல் லாவ்ட்ரூப்பும் பிரையன் லாவ்ட்ரூப்பும் அங்கே ஆடியவர்கள். 1992-ல் இரண்டு பழைய கிளப்புகளைச் சேர்த்து எஃப்சி கோப்பன்ஹேகன் உருவானது. அதன் பிறகு மெல்ல மெல்ல பணமும் பட்டங்களும் நகரத்துக்குள் போய்விட்டன, புறநகரில் இருக்கிற நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

பதற்றமா என்று கேட்டீர்கள். ஆமாம், பதற்றம்தான், அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 2018-ல் இதே மிட்யூலனோடு இதே மாதிரி போட்டி. ஹோர்சென்ஸ் ஊரில் 2-0 என்று முன்னால் இருந்து, கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் வாங்கி 2-2. அதோடு பட்டம் கைநழுவியது. அந்த அணியும் 2024 அணியும் ஒன்றல்ல, பயிற்சியாளரும் வேறு. ஆனால் மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் அதே கூட்டம். தெற்கு முனையில் நிற்கிறவர்கள் தொண்ணூறு நிமிஷமும் பாடுவார்கள், டென்மார்க்கிலேயே அதற்கு ஈடு இல்லை. அதே கூட்டம் பயந்தால் அந்தப் பயம் களத்துக்குள் இறங்கிவிடும். ஏஜிஎஃப் கோல் போட்டபோதெல்லாம் நான் பார்த்தது அதைத்தான், பந்தை முன்னால் கொண்டு போக வேண்டிய ஆள் பக்கத்திலேயே தட்டிவிட்டுப் பொறுப்பைக் கைமாற்றுகிறார்.

யெஸ்பர் சோரென்சன் நல்ல பயிற்சியாளர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு 62 புள்ளி எடுத்ததே பெரிய விஷயம். அதே வருஷம் டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள். கனடாவின் வான்கூவர் ஒயிட்கேப்ஸுக்குப் போய் 2025-ல் அந்த அணியை வட, மத்திய அமெரிக்க கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கப் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். எங்களுக்கு இன்னும் அந்த ஒரு புள்ளி நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

ஹெர்னிங்_தமிழன் எழுதியது:

வணக்கம். எல்லாரும் ப்ரொன்பி எப்படித் தோற்றது என்றே கதைக்கிறீர்கள், மிட்யூலன் எப்படி வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஹெர்னிங்கில்தான் இருக்கிறன், மிட்யூலனின் அரங்கு எங்கட ஊரில்தான். எண்பதுகளில் இருந்து யூலன் (டென்மார்க்கின் மேற்குத் தீபகற்பம்) பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஹெர்னிங்கில் பிள்ளையார் கோயில் இருக்கு, பக்கத்தில் பிரண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோயில். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் என்றால் மிட்யூலன்தான்.

தலைநகரத்து ஆட்கள் இதைப் பணக்காரக் கிளப் என்றும் கம்ப்யூட்டர் கிளப் என்றும் சொல்லுவினம். 1999-ல் ஈகாஸ்ட், ஹெர்னிங் என்று ஒன்றையொன்று பிடிக்காத இரண்டு அயலூர்க் கிளப்புகள் ஒன்றாகித்தான் இது பிறந்தது. நாட்டிலேயே முதல் முறையாக ஒரு கிளப் உதைபந்தாட்ட அகாதமி கட்டியதும் இங்கேதான், டென்மார்க் அணித்தலைவராக இருந்த சிமோன் கியேர் அங்கே வளர்ந்தவர், 2023-24-ல் கோல் காத்த யோனாஸ் லோஸலும் அங்கே வளர்ந்தவர்தான். 2014-ல் பிரென்ட்ஃபோர்ட் முதலாளி மத்தியூ பென்ஹாம் வாங்கினார், கணக்குப் பார்த்து ஆள் எடுப்பதும் கோர்னர் உதைக்கும் ஃப்ரீ கிக்குக்கும் தனிப் பயிற்சி வைப்பதும் அப்போது வேரூன்றியது. 2015-லேயே முதல் பட்டம். 2023-ல் அவர் விற்க, அனஸ் ஹோல்க் பௌல்சன் வாங்கினார். அவருடைய பெஸ்ட்செல்லர் உடுப்புக் கம்பனியின் தலைமையகம் அந்தப் பிரண்டேயில்தான். ஆக இப்போது முதலாளியும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

அந்த சீசன் சும்மா வரவில்லை. 2022 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல் போட்ட கொரியாக்காரர் சோ கியூ-சுங் அந்தக் கோடையில்தான் வந்தார், லீக்கில் 12 கோல். அப்புறம் பெப்ரவரியில் எங்கட கிறிஸ்டோஃபர் ஓல்சன். சுவீடன் தேசிய அணி ஆட்டக்காரர், ஒரு நாள் வீட்டில் மயங்கி விழுந்து, மூளையில் இரத்தக் கட்டிகள் என்று செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள். குளிர்கால இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய நேரம் அது. கடையிலும் கோயிலிலும் வேலையிடத்திலும் அவரைப் பற்றித்தான் கதை, புள்ளிப் பட்டியலை யாரும் பார்க்கவில்லை. பிறகு அவர் தேறி மீண்டும் பந்து உதைக்க வந்தது வேறு கதை. அந்த வசந்தத்தில் பயிற்சியாளர் தோமஸ் தோமஸ்பெர்க் அணியைக் குலையாமல் பிடித்து வைத்திருந்தாரே, அதுதான் என்னைப் பொறுத்தவரை அந்தப் பட்டம்.

கடைசி நாள் நான் அரங்கில். பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்குத்தான் பிடிக்கும். எனக்கு முன் வரிசையில் ஒரு வயதான தம்பதி, மனிசி களத்தைப் பார்த்து ஒவ்வொரு பந்தையும் சொல்ல, மனிசன் போனில் ப்ரொன்பி ஆட்டத்தைப் பார்த்து அங்கே நடக்கிறதைச் சொல்ல, இரண்டு பேரும் மற்றவர் சொல்வதைக் கேட்கவே இல்லை! 3-3 என்று முடிந்ததும் உடனே ஒருவரும் கத்தவில்லை, எல்லாரும் அந்த மனிசனின் போனைத்தான் பார்த்தோம்.

பார்க்கன்_பக்கம் எழுதியது:

மதுரை நண்பர் கோப்பன்ஹேகன் பற்றியும் கேட்டதால் சொல்கிறேன். அந்த யுனைடெட் ஆட்டம் நானும் மறக்க மாட்டேன். 2-0 என்று பின்னால் இருந்தபோது யுனைடெட்டின் ராஷ்ஃபோர்டுக்குச் சிவப்பு அட்டை, இடைவேளைக்குள் 2-2, மறுபடி 2-3, 83-ஆவது நிமிஷம் லெராகர், 87-ல் பதினெட்டு வயதுகூட நிரம்பாத ரூனி பார்ட்ஜி. சாம்பியன்ஸ் லீக் பிரிவில் பயர்ன் மியூனிக்குக்கு அடுத்த இடம், யுனைடெட் கடைசி. டென்மார்க் அணிக்கு அது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் அதற்கு விலை உண்டு. டென்மார்க்கில் டிசம்பர் தொடக்கத்தில் லீக் நிற்கும், பிப்ரவரி நடுவில்தான் திரும்பும். பிப்ரவரி 13 அன்று மான்செஸ்டர் சிட்டி எங்கள் பார்க்கன் மைதானத்துக்கு வந்தபோது கோப்பன்ஹேகன் இரண்டு மாதமாக ஒரு நிஜமான ஆட்டம் ஆடவில்லை. 1-3, அங்கே போய் மறுபடி 1-3. பெரிய மேடைக்காக உடம்பையும் மனசையும் தயார் செய்துவிட்டு, மூன்று நாள் கழித்து உள்ளூர் லீகில் அதே வேகம் வேண்டும் என்றால் வராது. மற்ற மூன்று அணிக்கும் அந்தச் சுமை அந்த வசந்தத்தில் இல்லை. மூன்றாம் இடத்தில் வந்ததால் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்த ராண்டர்ஸோடு ஒரு தனி ஆட்டம் ஆடி ஜெயித்துத்தான் ஐரோப்பாவுக்கே போனார்கள். 58 புள்ளி எடுத்த நோர்ட்ஷெலனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. எனக்கு அந்த சீசனில் அநியாயமாகப் பட்டது இது ஒன்றுதான். பட்டியலில் 58 எடுத்தவன் வீட்டில் உட்கார, ஏழாம் இடத்துக்காரனுக்கு ஐரோப்பாவுக்கு ஒரு வாய்ப்பு. இந்த விதியை மாற்ற வேண்டும்.

மதுரை_மிட்ஃபீல்டர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஒரே இரவில் ஒரு சீசனையே காட்டிவிட்டீர்கள். ஹெர்னிங் அண்ணா, ஓல்சன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, புள்ளிப் பட்டியலில் இதெல்லாம் தெரிவதில்லையே. இன்னும் ஒன்று. கீழ்ப் பிரிவிலிருந்து ஓபி இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கிவிட்டது என்று பார்த்தேன். அது பெரிய கிளப் இல்லையா?

புள்ளிக்கணக்கு எழுதியது:

பெரிய கிளப்தான். ஓடென்ஸே ஊர், மூன்று தடவை சாம்பியன். 1994 டிசம்பரில் யுயெஃபா கப் என்ற ஐரோப்பிய கிளப் போட்டியில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று வீழ்த்தி வெளியேற்றிய அணி, முதல் ஆட்டத்தில் சொந்த ஊரில் 2-3 என்று தோற்றுவிட்டுப் போய் அதைச் செய்தார்கள். அப்படிப்பட்ட அணி 2024-ல் 11-ஆவது இடம், கூடவே விடோவ்ரேயும் இறங்கியது. கீழ் ஆறில் மாட்டினால் அதே பத்து ஆட்டம், அதே அழுத்தம், ஆனால் டிவியில் யாரும் பேச மாட்டார்கள். ஓபி அடுத்த வருஷமே இரண்டாம் நிலை லீகை ஜெயித்துத் திரும்பிவிட்டது.

அப்புறம் மஞ்சள்நீலத்துக்கு: 2024-25-ல் கோப்பன்ஹேகன் 63, மிட்யூலன் 62. ஹெர்னிங்காரர்களுக்கும் அந்த ஒரு புள்ளி என்ன செய்யும் என்று இப்போது தெரியும்.

ஹெர்னிங்_தமிழன் எழுதியது:

தெரியும், நல்லாவே தெரியும். மதுரைத் தம்பி, முழு சீசனும் திரும்பப் பார்க்க நேரமில்லை என்றால் மார்ச் கடைசிக்குப் பிறகு வந்த மேல் ஆறு அணிகளின் ஆட்டங்களை மட்டும் பாருங்கோ. அதிலும் கடைசி நாளின் இரண்டு ஆட்டத்தையும் இரண்டு திரையில் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கோ, தனித்தனியாகப் பார்த்தால் பாதி விளங்காது.