கீமோ பிள்ளைகள பாத்த நர்சுங்க: டிரெயினிங் இல்லாம மாட்டிக்கிட்ட ஒரு நாள் இருந்தா சொல்லுங்க

மார்த்தாண்டம் சிஸ்டர்

நானே ஆரம்பிக்கேன். படிச்சு முடிச்சு ரெண்டாவது வருசம், இங்க பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி. ராத்திரி ஒரு மணி இருக்கும், அஞ்சு வயசுப் பையன், தலைல முடி இல்ல, 102 காய்ச்சல். ஏஎல்எல்னு ரத்தக் கேன்சர், திருவனந்தபுரத்துல கீமோ ஓடுது, கடைசி டோஸ் போட்டு பத்து நாள். கொட்டுற மழைல அவ்வளவு தூரம் வண்டி கெடைக்கலன்னு எங்ககிட்ட கொண்டு வந்துட்டாவ. டூட்டி டாக்டர் போன்லயே பாராசிட்டமால் சப்போசிட்டரி (ஆசனவாய்ல வைக்குற மருந்து) வைக்கச் சொன்னாரு. எல்லா பிள்ளைக்கும் செய்யுறதுதானே, கிளவுஸ் மாட்டி, பையன ஒருக்களிச்சு படுக்க வச்சு, கவரையும் பிரிச்சிட்டேன். அந்த அம்மா டக்குன்னு என் மணிக்கட்ட புடிச்சா. "சிஸ்டரே, இவனுக்கு பின்வழி ஒண்ணும் வைக்கப்பிடாது". மடில ஒரு நாப்பது பக்க நோட்டு, மழைல ஓரம் நனைஞ்சு ஊறி கெடக்கு, அதுல அதே வரிய எழுதி கீழ ரெண்டு கோடு போட்டிருக்கா.

உண்மைய சொல்லுகேன், எனக்கு வந்தது கோவம்தான். நர்சு நானா நீயான்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

ரெண்டு வருசம் கழிச்சு வேற ஊர்ல பீடியாட்ரிக் ஆன்காலஜி (பிள்ளைகள் கேன்சர்) டிரெயினிங் போனப்ப முதல் வாரத்துலயே அத நடத்துனாங்க. வெள்ளணு கொறஞ்ச பிள்ளைக்கு ஆசனவாய்ல சின்னதா ஒரு கீறல் விழுந்தாலும் அதுவழியா கிருமி நேரா ரத்தத்துல ஏறிரும், பிளேட்லெட்டும் கொறவா இருந்தா ரத்தம் வேற நிக்காது. அதனால சப்போசிட்டரி, எனிமா, ஆசனவாய்ல தெர்மாமீட்டர் எதுவும் கூடாது. எல்லாரும் நோட்ஸ் எடுத்தாங்க, எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம்.

குளச்சல்காரி (இப்ப சென்னைல)

எனக்கு வின்கிரிஸ்டின்னு ஒரு கீமோ மருந்து. நாலு வயசு பாப்பா, புறங்கைல லைன், மினி பேக் (மருந்து கலந்த சின்ன பை) ஓடிட்டு இருக்கு, நான் பக்கத்துலதான் நிக்கிறேன். "அக்கா எறும்பு கடிக்கு"ன்னா. நான் பெட்ஷீட்ட தட்டி எறும்பு தேடுனேங்க. சத்தியமா தேடுனேன். தலகாணிய வேற தூக்கிப் பாத்தேன். திரும்ப கையப் பாக்கும்போது ஊசி பக்கத்துல லேசா வீங்கி செவந்திருக்கு. நிறுத்திட்டேன், டியூப்ல இருந்தத திரும்ப உறிஞ்சி எடுத்தேன், அதெல்லாம் சரியா செஞ்சேன், அப்புறம் ஐஸ் பேக் எடுத்துட்டு ஓடி வந்தேன். சீனியர் அக்கா என் கையில இருந்து அத பிடுங்கி வீசுனாங்க. டாக்சோருபிசின் (அந்த செவப்பு மருந்து) கசிஞ்சா ஐஸ், வின்கிரிஸ்டின் கசிஞ்சா சூடு, ரெண்டும் நேர் எதிர். ஐஸ் வச்சிருந்தா புண்ணு இன்னும் மோசமாயிருக்கும். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, தோல் கொஞ்சம் கறுத்து சரியாயிடுச்சு. ஆனா இப்பவும் ஒரு புள்ள எறும்புன்னா எனக்கு கை தானா கிளாம்ப்புக்கு போவுது.

நைட் ஷிப்ட் 3

முதல் போஸ்ட் போட்ட சிஸ்டர், இதுல நீங்க என்னத்துக்கு குத்த உணர்ச்சில கெடக்கீங்க? ஆர்டர் போட்டது டாக்டர், பிள்ளைய பாக்காம போன்ல. அவரு டிரெயினிங் பத்தி இங்க யாரும் பேசல பாத்தீங்களா. இன்னொண்ணு, டிரெயினிங் டிரெயினிங்னு சொல்றீங்களே, எனக்கும் குடுத்தாங்க. கீமோ கலக்குறது, போர்ட்ல (மருந்து ஏத்த நெஞ்சுத் தோலுக்கு அடில வைக்குற சின்ன டப்பி) அதுக்குன்னே உள்ள ஹியூபர் நீடில் போடுறது, ரெண்டு பேர் தனித்தனியா டோஸ் கணக்கு போட்டு ஒத்துப் பாக்குறது, எல்லாம் கத்துகிட்டு கை படிஞ்சு வர நேரம் ரொட்டேஷன்னு ஆர்த்தோ வார்டுல தூக்கிப் போட்டாங்க. எனக்குப் பதிலா வந்த பொண்ணு பிரசவ வார்டுல இருந்து வந்தவ, மூணு நாள் கூட நின்னு பாத்தா, அவ்வளவுதான் அவளுக்கு டிரெயினிங். நான் கெளம்புற அன்னைக்கு ஒரு பையன் "புது அக்காவுக்கு என் போர்ட் எங்க இருக்குன்னு தெரியுமா"ன்னு சட்டைய தூக்கி காட்டுறான். ஏழை, நடுத்தர வருமான நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குன்னே 2014ல சியோப்ங்கற உலக குழந்தைகள் கேன்சர் அமைப்பு நர்சிங் அடிப்படைத் தரம்னு வெளியிட்டிருக்கு, பழகுன நர்ச வேற வார்டுக்கு மாத்தாதேங்கறதும் அதுல ஒண்ணு. யாரு படிக்கா.

தக்கலை சேச்சி (ரிட்டயர்டு)

எனக்க கத சின்னது. ஒரு அம்மா பிள்ளைய கூட்டிட்டு வரும்போதே காய்ச்சல் மாத்திரை குடுத்துட்டா, நான் தொட்டுப் பாத்து சூடு இல்லன்னு ஓபி வரிசைல உக்கார வச்சிட்டேன். சாயங்காலம் அந்த பிள்ளை ஷாக்குல போயிட்டு. பிழைச்சான், அது கர்த்தர் செயல்.

அதனால சொல்லுகேன், யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுகேன். கீமோ பிள்ளைக்கு 100.4 தாண்டுனா அது எமர்ஜென்சி, வரிசை கிரிசைன்னு உக்கார வைக்காதுங்க. வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் உள்ள போயிருக்கணும், பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) எடுத்துட்டு போடுங்க, வெள்ளணு கவுண்ட் ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்கப்பிடாது. அம்மாமாருக்கும் சொல்லிக் குடுங்க, மாத்திரை குடுக்கதுக்கு முன்ன தெர்மாமீட்டர் வச்சு மணியும் சூடும் எழுதி வைக்கணும், டிஸ்சார்ஜ் பேப்பர் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கதவுக்குப் பின்னால தொங்கணும், எந்த மருந்து என்னைக்கு போட்டாவன்னு அதுலதான் இருக்கு. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடாவும் போட்ட தண்ணி கொப்பளிக்கணும். பழம்னா தோல் உரிச்சு திங்கத மட்டும் குடுங்க, மட்டிப்பழம் நல்லது, திராட்சை வேண்டாம். கீமோ போட்டு ரெண்டு நாளு மூத்திரத் துணிய கிளவுஸ் போட்டு தனியா அலசணும், வீட்டுல மாசமா இருக்க பெண்பிள்ளைய அதுல கை வைக்க விடாதுங்க. இதெல்லாம் எழுதி ஒட்டுனா ஒரு சார்ட்டு போதும், இதுக்கு என்னத்துக்கு ஆறு மாசம் கோர்ஸ்.

நைட் ஷிப்ட் 3

சேச்சி, சார்ட்டு போதும்னா, ஷாக்குல போன அந்த பிள்ளை அன்னைக்கு ஓபில சார்ட்டு இல்லாததாலயா உக்காந்திருந்துது? கோவிக்காதீங்க. வின்கிரிஸ்டின முதுகுல போட்டா உயிர் போயிரும், அத சிரிஞ்சுல எடுக்காம மினி பேக்ல கலக்கணும், முதுகு ஊசி போடுற எடத்துக்கு அந்த மருந்தே வரக்கூடாது, இதெல்லாம் சுவத்துல ஒட்டுனா மட்டும் ஆவுமா, கை பழகணும்.

கடற்கரை மணல்

இந்த கேன்சர் எல்லாத்துக்கும் காரணம் மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல இருக்க, கதிர்வீச்சு வர்ற தோரியம்தான், அத யாரும் பேச மாட்டீங்க.

குளச்சல்காரி

அண்ணே நானும் அந்த மண்ணுல வெளையாடி வளந்தவதான். இதே மாதிரி மண்ணு உள்ள கேரளத்து கருநாகப்பள்ளில வருசக்கணக்கா ஆள்கள தொடர்ந்து பாத்து, கூடுதலா கேன்சர் இல்லன்னு 2009ல ஆராய்ச்சி வந்திருக்கு. தனியா ஒரு போஸ்ட் போடுங்க, வந்து சண்ட போடுறேன். இது நர்சுங்க பேசுற எடம்.

கருங்கல் அப்பா

நான் நர்சு இல்ல, மன்னிச்சுக்கிடுங்க. மகளுக்கு ரெண்டரை வருசம் வைத்தியம் நடந்தது, இப்ப பள்ளிக்கொடம் போறா. வார்டுல ஒரு சிஸ்டர், மலையாளத்துப் பிள்ளை, தமிழ் அரைகுறை. போர்ட்ல ஊசி போடுறதுக்கு முந்தி மகளுக்க பொம்மைக்கு நெஞ்சுல பிளாஸ்டர் ஒட்டி, அதுக்கு முதல்ல துடைச்சு, பதினஞ்சு வரைக்கும் மலையாளத்துல எண்ணி, அதுக்கு அப்புறம்தான் மகள தொடுவா. இது பாசம்னு நெனச்சேன். இன்னைக்கு இதெல்லாம் படிச்சப்பதான், ஒருவேள இதுவும் சொல்லிக் குடுத்து வந்ததோன்னு தோணுது. மகள் இன்னும் கை கழுவும்போது ஒந்நு ரெண்டுன்னு மலையாளத்துலதான் எண்ணுகா.

மார்த்தாண்டம் சிஸ்டர்

அண்ணே, அந்த பதினஞ்சு டிரெயினிங்ல வர்றதுதான், லைன் முனைய அவ்வளவு நேரம் தேய்க்கணும். பொம்மைய வச்சு வெளையாட்டுக் காட்டுறதையும் நடத்துவாங்க. பாசமும் இருந்திருக்கும்.

பையன் என்ன ஆனான்னு இன்பாக்ஸ்ல ரெண்டு பேர் கேட்டீங்க. அன்னைக்கு அந்த நோட்டுல இருந்த திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி நம்பருக்கு நான்தான் போன் போட்டேன், அவிய சொன்ன மருந்த டூட்டி டாக்டர்கிட்ட சொல்லி ஆர்டர் வாங்கி ஊசில போட்டு, விடிய முன்ன ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டோம். அதுக்கப்புறம் தெரியாது. பிரிச்ச சப்போசிட்டரி கவர் யூனிஃபார்ம் பாக்கெட்டுல துவைக்கும்போதுதான் வந்துச்சு.