பொருள்: ரீஜெனரேஷன் – கரியெரிவும் கரியெரிப்பும்

நண்பர்களுக்கு வணக்கம்.

டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் நடக்கும் ரீஜெனரேஷனுக்கு 'மீளுருவாக்கம்' போதும் என்று ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பல்லிக்கு வால் மீண்டும் முளைப்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். வடிகட்டியில் எதுவும் மீண்டும் உருவாவதில்லை. நுண்துளைச் சுவரில் படிந்த புகைக்கரி எரிந்து போகிறது, அவ்வளவுதான்.

சொல்லை முடிவு செய்யுமுன் கழிவளியின், அதாவது எஞ்சின் வெளிவிடும் புகையின், வெப்பநிலையைப் பார்த்துவிடுவோம். பாரம் ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கழிவளி 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கி, அந்தச் சூட்டில் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். அது கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

நகர நெரிசலில் அப்படி நடக்காது. டீசல் எஞ்சினில் பாரம் குறைந்தால் எரிபொருள்தான் குறையும், உள்ளே போகும் காற்று அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கழிவளி பல நேரம் 200 டிகிரியைக்கூடத் தொடாது. கரி சேர்ந்துகொண்டே போகும். அப்போது வண்டியின் கணினி கொஞ்சம் டீசலை வேண்டுமென்றே பிந்திப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி வாக்கில் ஏற்றி, கழிவளியில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனாலேயே கரியை எரிக்கிறது.

முன்னது தானே எரிவது, பின்னது எரிக்கப்படுவது. ஆங்கிலத்தில் இதற்குப் பேஸிவ், ஆக்டிவ் என்று அடைமொழி சேர்க்கிறார்கள். நம்மிடம் தன்வினையும் பிறவினையும் இருக்கும்போது அடைமொழி எதற்கு? கரியெரிவு, கரியெரிப்பு. இவ்விரண்டையும் முன்மொழிகிறேன்.

2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்தபின் இந்த வடிகட்டி சாதாரண வேன்களிலும் வந்துவிட்டது. போன மாதம் எங்கள் பக்கத்துப் பட்டறையில் ஒரு பள்ளி வேன் நின்றது. வடிகட்டியில் கரி சேர்ந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தபோதெல்லாம், பள்ளி வாசல் வந்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்திருக்கிறார். மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. எரிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, பிந்திப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கிக் கலந்திருக்கிறது. 'ரீஜென்' என்றால் என்னவென்று அந்த ஓட்டுநருக்கு யாருமே சொல்லவில்லை. 'கரியெரிப்பு நடக்கிறது, எஞ்சினை அணைக்காதீர்கள்' என்று முகப்பில் தமிழில் வந்திருந்தால், பானைக் கரி தேய்த்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் புரிந்திருக்கும்.

ரீஜெனரேஷனுக்கு இன்னொரு நண்பர் சொன்ன 'தூய்மிப்பு' நல்ல சொல். ஆனால் அதை இங்கே செலவழிக்க வேண்டாம். எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதற்கு வடிகட்டியைக் கழற்றித்தான் துப்புரவாக்க வேண்டும். அந்த வேலைக்கு 'தூய்மிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.