டிஆர்6 கிளட்ச்: இரண்டு சிலிண்டர்களையும் மாற்றிய பிறகும் ரிவர்ஸ் கியர் அலறுகிறது

கவென்ட்ரிவாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1972-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் டிஆர்6 கார் ஒன்று இருக்கிறது. அது உருவான கவென்ட்ரியிலேயே நானும் குடியிருக்கிறேன் என்பதைத் தவிர, இந்த வண்டியில் எனக்குப் பெரிய தேர்ச்சி கிடையாது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு கிளட்ச் பெடல் மெல்ல மெல்லக் கனக்கத் தொடங்கியது. வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் கியர் போட்டபோது பற்சக்கரங்கள் உரசி அலறின. அன்று முதல், பெடலைத் தரை வரைக்கும் மிதித்தாலும் கிளட்ச் முழுமையாக விடுபடுவதில்லை. முதல் கியரில் நிற்கும்போது வண்டி முன்னே நகரப் பார்க்கிறது. பழுது பார்க்கும் கடையில், பெடலை மிதித்ததும் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், அந்தத் தள்ளலை வாங்கி கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் புதிதாக மாற்றி, குழாயில் இருந்த காற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எந்த முன்னேற்றமும் இல்லை. திரவத்தின் அளவு ஒரு துளிகூடக் குறையவில்லை. இப்போது கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை ஏதேனும் உண்டா?

ஸ்பேனர்பெட்டி:

வணக்கம் நண்பரே. மாற்றியது போதும், இனி அளந்து பார்ப்போம். வண்டியைத் தாங்கிகளின் மேல் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, ஒருவரைப் பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராட் (தள்ளும் தண்டு) எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று கீழிருந்து அளவுகோலை வைத்துப் பாருங்கள். இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 0.75 அங்குலம், ஸ்லேவின் உள்விட்டம் 1 அங்குலம். பரப்புகளின் விகிதப்படி, மாஸ்டரின் தண்டு 28 மி.மீ. உள்ளே போனால் ஸ்லேவின் தண்டு ஏறத்தாழ 16 மி.மீ. வெளியே வர வேண்டும். 0.70 அங்குல மாஸ்டரும் கடைகளில் கிடைக்கிறது. பெட்டியைப் பார்க்காமல் அதை மாட்டியிருந்தால், பெடல் லேசாக இருக்கும், ஆனால் ஸ்லேவில் இரண்டு மி.மீ. காணாமல் போகும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். ரப்பர் குழாயின் இணைப்பை மேலேயும் நிப்பிளைக் கீழேயும் வைத்து மாட்டிவிட்டால், எத்தனை புட்டி திரவம் ஊற்றினாலும் மேலே சிக்கிய காற்று வெளியேறாது. அடுத்தது, பெடலையும் மாஸ்டரின் தண்டையும் இணைக்கும் பின். ஐம்பது வருடத் தேய்மானத்தில் அதன் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே விரயமாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெடலின் நுனியில் பல மில்லிமீட்டர் வெற்றசைவாகத் தெரியும்.

கவென்ட்ரிவாசி:

மிக்க நன்றி. நிப்பிள் மேலேதான் இருக்கிறது. மாஸ்டர் 0.75 அளவுதான். பெடல் பின் நீங்கள் சொன்னபடியே நடுவில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. அதை மாற்றியதும் பெடலின் வெற்றசைவு கண்கூடாகக் குறைந்தது. ஆனால் ரிவர்ஸ் கியரின் அலறல் அப்படியே இருக்கிறது. புஷ் ராடின் நகர்வை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 15 மி.மீ. வந்தது. பெடலை மிதித்த நிலையிலேயே ஒரு நிமிடம் வைத்திருந்தும் தண்டு பின்வாங்கவில்லை.

ஆறுசிலிண்டர்:

அப்படியானால் திரவம் செல்லும் பாதையில் குறை இல்லை. 15 மி.மீ. கிளட்ச் விடுபடப் போதுமானது. அந்த அசைவு பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்கு) உள்ளே போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல். என் ஊகம் டேப்பர் பின். டிஆர்6 வைத்திருப்பவர்களில் பலர் என்றாவது ஒரு நாள் இதைச் சந்தித்திருப்பார்கள்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். புஷ் ராட் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது. அந்த நெம்புகோலில் மூன்று துளைகள் உண்டு, நடுத்துளையில் இணைப்பதே வழக்கம். நெம்புகோல், பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஓடும் ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபோர்க், ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளி கிளட்சை விடுவிக்கிறது. தண்டையும் ஃபோர்க்கையும் ஒன்றாகப் பிடித்திருப்பது ஒரே ஒரு கூம்பு முனைத் திருகாணிதான்; அதுதான் டேப்பர் பின். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் காலின் முழு விசையும் அதன் வழியாகத்தான் போகிறது. மரை முடிந்து கூம்பு தொடங்கும் இடத்தில் அது முறியும். முறிந்த துண்டு துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால், தண்டு கொஞ்சம் வெறுமனே சுழன்ற பிறகே ஃபோர்க்கைப் பிடித்து இழுக்கும். பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. புது சிலிண்டர் வாங்கச் சொல்லி மனிதனை ஏமாற்றுவது இந்தப் பாதி வேலைதான்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பழுதுக்கு முன்பே பெடல் கனத்தது. குறுக்குத் தண்டின் புஷ்கள் உலர்ந்து இறுகினாலோ, ரிலீஸ் பேரிங் தாங்கி கியர் பாக்ஸின் முன்மூக்கில் வழுக்காமல் சிக்கினாலோ பெடல் கனக்கும். அந்தக் கூடுதல் பாரத்தை டேப்பர் பின்தான் சுமக்கும். பின்னை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் புதுப் பின்னும் முறியும்.

சோதனை எளிது. புஷ் ராடைக் கழற்றிவிட்டு நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். சிறிது தூரம் தளர்வாக வந்து, பேரிங் கிளட்சின் விரல்களைத் தொட்டதும் சட்டென்று உறுதியாக நிற்க வேண்டும். நிற்காமல் தாராளமாகப் போய்க்கொண்டே இருந்தால் பின் முறிந்துவிட்டது என்றே கொள்ளலாம். உறுதியாக நின்றாலும் பின் நலம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சிக்கிய துண்டு அப்படியும் நடிக்கும்.

கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் பெடலை மிதித்து விட, நீங்கள் எஞ்சினின் முன்புறம் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தடுப்பவை த்ரஸ்ட் வாஷர்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அப்படியிருந்தால் கிளட்சைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு எஞ்சினைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள்.

கவென்ட்ரிவாசி:

புல்லி அசையவில்லை. நெம்புகோல், தாங்கள் சொன்ன உறுதியான நிறுத்தம் இல்லாமல், சேற்றில் கோலை விட்டுத் துழாவுவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. எஞ்சினை இறக்காமல் இந்த வேலையை முடிக்க முடியுமா?

ஆறுசிலிண்டர்:

முடியும். எம்ஜிபி கார் வைத்திருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படும் இடம் இது. அவர்கள் எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும்; டிஆர்6-இல் கியர் பாக்ஸ் மட்டும் காரின் உள்பக்கம் வழியாகவே வெளியே வந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இருக்கைகள், தரைவிரிப்பு, டாஷ்போர்டைத் தாங்கும் சட்டம், கியர் பாக்ஸ் மேல்மூடி ஆகியவற்றை அகற்றுங்கள். ஆயில் சம்ப்பின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்கிய பிறகே ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் தொடுங்கள். பெட்டியைப் பின்னே இழுக்கும்போது அதன் பாரம் கிளட்ச் தட்டில் தொங்கக் கூடாது; இரண்டு பேர் இல்லாமல் முயலாதீர்கள். ஓவர்டிரைவ் (கியர் பாக்ஸின் பின்னால் சேரும் கூடுதல் கியர் அமைப்பு) இருந்தால் மூன்று பேர் இருப்பது முதுகுக்கு நல்லது.

பொருத்தும்போது, புதுப் பின்னோடு நிறுத்தாமல், ஃபோர்க்கையும் தண்டையும் சேர்த்துத் துளையிட்டு 6 மி.மீ. உயர்வலிமை போல்ட் ஒன்றையும் செலுத்திவிடுவது என் வழக்கம்.

ஸ்பேனர்பெட்டி:

அந்தக் கடைசி ஆலோசனையில் மட்டும் நான் சற்று வேறுபடுகிறேன். துளையிட்டால் தண்டு பலவீனமாகும் என்பதற்காக அல்ல. பழைய ஃபோர்க்கின் கூம்புத் துளை விரிந்திருக்கும்போது அதன் மேலேயே இரண்டாவது போல்ட்டைப் போட்டால், கோணம் பிசகிய நிலையிலேயே ஃபோர்க் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். புதுத் தண்டு, புது ஃபோர்க், புதுப் பின் மூன்றையும் முதலில் இறுக்கிவிட்டு, அதன் பிறகு துளையிடுவதென்றால் எனக்கும் சம்மதமே.

கவென்ட்ரிவாசி:

தாமதத்திற்கு மன்னிக்கவும், இரண்டு வார இறுதிகள் பிடித்தன. டேப்பர் பின், மரை முடியும் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் முறிந்திருந்தது. அதன் தலையும் பூட்டுக்கம்பியும் அசையாமல் அழகாக இருந்ததால், முதல் பார்வையில் நான் ஏமாந்தே போனேன். தண்டைக் கையால் திருகியபோதுதான் ஃபோர்க் கூடவே திரும்பவில்லை என்பது தெரிந்தது. உள்ளே சிக்கிய துண்டு வெளியே வர மறுத்ததால், தண்டை அறுத்துத்தான் ஃபோர்க்கைப் பிரிக்க முடிந்தது. ரிலீஸ் பேரிங் தாங்கி முன்மூக்கில் துருவோடு ஒட்டிக்கிடந்தது. பெடல் கனத்ததன் காரணம் அங்கே இருந்தது.

தண்டு, ஃபோர்க், பின், புஷ்கள், பேரிங் எல்லாம் புதியவை. பின்னை இறுக்கிய பிறகே இரண்டாவது போல்ட்டுக்குத் துளையிட்டேன். கிளட்ச் தட்டில் இன்னும் பாதிக்கு மேல் தடிப்பு இருந்தாலும், பெட்டி வெளியே கிடக்கும்போது மாற்றாமல் விட மனம் வரவில்லை.

பொருத்தி முடித்ததும் புஷ் ராடின் நகர்வை மறுபடியும் அளந்தேன். அதே 15 மி.மீ.தான். ரிவர்ஸ் கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. மேல்மூடியை மட்டும் இன்னும் திருகவில்லை. ஐம்பது மைல் ஓட்டி, எங்கும் எண்ணெய் கசியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தரைவிரிப்பைப் போடப்போகிறேன்.