ஆல்கலினிட்டி 9 வந்துவிட்டது, பிஹெச் மட்டும் ஏன் ஏறவில்லை?

நத்தைக்கூடு:
200 லிட்டர் பவளத் தொட்டி. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன், டிகேஹெச் அதன் அலகு) 6.5 டிகேஹெச்சில் கிடந்தது, ஒரு வாரமாகச் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி 9-க்குக் கொண்டுவந்தேன். பிஹெச் (அமில-கார அளவு) அசையவே இல்லை: விடியற்காலை 7.75, மாலை 7.9. மீட்டரை பிஹெச் 7, 10 சோதனைக் கரைசல்களில் சரிபார்த்தாயிற்று. இன்னும் ஊற்றலாமா?

உப்புக்காற்று:
வேண்டவே வேண்டாம். சமையல் சோடா ஆல்கலினிட்டியை ஏற்றும், பிஹெச்சை ஏற்றாது, ஊற்றிய கையோடு கொஞ்சம் இறக்கக்கூடச் செய்யும். சன்னலைச் சாத்திய அறையில் நாலு பேர் மூச்சு விட்டால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு தண்ணீருக்குள் போய் பிஹெச்சை இறக்கத்தானே செய்யும்? கோளாறு அறைக் காற்றில்.

பவளக்கிறுக்கு:
எதற்கெடுத்தாலும் காற்று! சமையல் சோடாவை விட்டு சோடா ஆஷுக்கு (சோடியம் கார்பனேட்) மாறுங்கள். 100 லிட்டருக்கு 1 டிகேஹெச் ஏற்ற சமையல் சோடா 3 கிராம் என்றால் சோடா ஆஷ் 1.9 கிராம் போதும், பிஹெச்சும் கூடவே ஏறும். நான் டோசிங் பம்பில் இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன், விடியற்காலையில்கூட 8-க்குக் கீழே போனதில்லை.

உப்புக்காற்று:
உங்கள் தொட்டியில் கல் பவளம் நிறைய, ஒரு நாளைக்கு 2 டிகேஹெச் தின்கிறது, அதனால் அவ்வளவு ஊற்ற இடமிருக்கிறது. இவருடையது புதுத் தொட்டி மாதிரி தெரிகிறது, நாளுக்கு 0.3 குறைந்தாலே அதிகம். அந்த 0.3-ஐ சோடா ஆஷாக ஊற்றினால் பிஹெச் எவ்வளவு ஏறிவிடும்? ஏறியதும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்காகக் கூடுதலாக ஊற்றினால் ஆல்கலினிட்டி 12, 13 என்று போய், பவள நுனி வெந்துபோகும்.

பவளக்கிறுக்கு:
சரி, அப்படியானால் கால்க்வாசர், அதாவது சுண்ணாம்புத் தண்ணீர். அது கார்பன் டை ஆக்சைடையே பிடித்துக்கொள்ளும், கால்சியமும் கிடைக்கும். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக அதை விட்டால் முடிந்தது.

உப்புக்காற்று:
நல்லதுதான், ஆனால் அதுவும் பவளம் தின்கிற அளவுக்குத்தான். அப்புறம், எனக்கு ஒரு தடவை தண்ணீர் நிரப்புவதை நிறுத்தும் மிதவை மாட்டிக்கொண்டு ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீர் ஒரே இரவில் இறங்கிவிட்டது. காலையில் தொட்டி மோர் மாதிரி, ஹீட்டர் மேல் வெள்ளைப் பொருக்கு, பிஹெச் 8.9. இரண்டு மீன் போயிற்று. புதியவருக்கு முதல் மருந்தாக இதைச் சொல்ல மாட்டேன். நத்தைக்கூடு, ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வெளியே வைத்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள். இன்னொரு டம்ளரை அறைக்குள்ளேயே அதே மாதிரி.

நத்தைக்கூடு:
செய்து பார்த்தேன். அறைக்குள் 7.82. வெளியே 8.21.

பவளக்கிறுக்கு:
ம்ம். அறைக் காற்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இனி தினசரி ஊற்றுவதை சோடா ஆஷாகவே ஊற்றுங்கள், அதில் நான் மாற மாட்டேன். 7.8-லும் பவளம் சாகாது, பதறாதீர்கள்.

உப்புக்காற்று:
அதில் எனக்கும் சண்டையில்லை. ஸ்கிம்மரின் (காற்றை இழுத்துக் கழிவை நுரையாக எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே இழுத்துவிடுங்கள்.

நத்தைக்கூடு:
சன்னலுக்கு 5 மீட்டர் வரும். பழைய குழாயையே ஒட்டி நீட்டலாமா?

உப்புக்காற்று:
அவ்வளவு தூரத்துக்கு அந்த மெல்லிய குழாயில் காற்று இழுக்காது, நுரையே குறைந்துவிடும். இரண்டு மடங்கு பருமனான குழாய் போட்டு, ஸ்கிம்மர் வாயில் மட்டும் சிறிதாக்குங்கள். வெளி முனையைக் கீழ்ப்பக்கமாக வளைத்து வையுங்கள், மழைத் தண்ணீர் ஏறாது.